பிடிலா, படிலா: ஓர் ஆற்றங்கரை ஊர்களின் பெயர்க்கதை

இங்கிலாந்தின் தெற்கில், கடலை ஒட்டி, டோர்செட் என்று ஒரு கவுண்டி இருக்கிறது. மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்புக் குன்றுகளும் மேய்ச்சல் நிலங்களும் நிறைந்த அந்த இடத்தில் ஒரு சின்ன ஆறு ஓடுகிறது, பெயர் பிடில். ரோம் எரிந்தபோது நீரோ வாசித்ததாகச் சொல்கிறோமே அந்தப் பிடில் இல்லை, அதற்கு ஆங்கிலத்தில் முதல் எழுத்தே வேறு. இந்தப் பிடிலுக்கு இன்றைய ஆங்கிலப் பேச்சில் என்ன பொருள் என்றால், குழந்தைகளிடம் 'உச்சா போ' என்கிறோமே, அதேதான்.

ஆற்றுக்கே பெயர் இப்படி என்றால் கரையில் இருக்கிற ஊர்கள் தப்ப முடியுமா? மேலே பிடில்ட்ரென்ட்ஹைட், பிடில்ஹின்டன். கொஞ்சம் கீழே வந்ததும் எழுத்து மாறிவிடும்: படில்டவுன், டோல்படில், ஆஃப்படில், பிரையன்ட்ஸ்படில், டர்னர்ஸ் படில். ஐ இருந்த இடத்தில் யு வந்திருக்கிறது, அவ்வளவுதான். 'படில்' என்றால் மழை பெய்து ரோட்டுப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர். உச்சாவைவிட அது கொஞ்சம் கௌரவமான பொருள். ஆனால் இந்த ஊர்ப்பெயர்கள் பிறந்த கதையில் இரண்டு பொருளுக்கும் இடமில்லை.

ஆங்கிலேய ஊர்ப்பெயர்கள் எங்கிருந்து வந்தன, ஒரே ஊரை ஏன் நூற்றாண்டுக்கு ஒரு விதமாக எழுதினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவருக்கு இந்த ஒரு பள்ளத்தாக்கே போதும் என்பது என் எண்ணம். லண்டன், யார்க் மாதிரிப் பெரிய ஊர்களில் ரோமானியர், டென்மார்க், நார்வே பக்கமிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகள் என்று ஆளாளுக்குக் கை வைத்து விஷயத்தைச் சிக்கலாக்கி வைத்திருக்கிறார்கள். சின்ன ஊர்களில் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

முதலில் ஒரு அடிப்படை. ஊர்ப்பெயர் வாயில் பிறக்கிறது. உழுகிறவரும் மேய்க்கிறவரும் 'சதுப்பு நிலத்துப் பண்ணை', 'ஊற்றுக்கண் பக்கத்து ஊர்' என்று தங்கள் பேச்சில் ஓர் இடத்தைக் குறிக்கிறார்கள், அது பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகிறது, இடையில் மொழியே மாறிப்போனாலும் பெயர் மட்டும் நாக்கில் தேய்ந்துகொண்டே நிற்கிறது. எழுத்து வருவது பல தலைமுறை கழித்து, அதுவும் வரி வசூலிக்கவோ நிலத்தைத் தானம் கொடுக்கவோ யாராவது வரும்போதுதான். எழுதுகிறவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர் கிடையாது. காதில் விழுந்ததை அவருக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிவைத்துவிட்டுப் போய்விடுவார். அடுத்த நூற்றாண்டில் இன்னொருவர் வந்து வேறு மாதிரி எழுதுவார். இதில் யார் எழுதியது சரி, யார் எழுதியது பிழை என்று கேட்பதில் அர்த்தமே இல்லை, ஏனென்றால் 'சரியான எழுத்து' என்ற எண்ணமே அன்றைக்கு ஆங்கிலத்தில் கிடையாது.

அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றைய எழுத்தை வைத்துப் பொருள் சொல்ல மாட்டார்கள். கிடைக்கிற எல்லாப் பழைய வடிவங்களையும் ஆண்டு வாரியாக அடுக்கி, மிகப் பழையதிலிருந்து படித்துக்கொண்டு வருவார்கள்.

அப்படித் தேடினால் பெரும்பாலான ஊர்களுக்கு முதலில் கையில் கிடைப்பது 1086. 1066-இல் பிரெஞ்சு பேசும் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். 1085 கிறிஸ்துமஸ் சமயத்தில் வில்லியம் மன்னன் குளோஸ்டரில் தன் பிரபுக்களோடு பேசி, நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை, என்ன வருமானம் என்று கணக்கெடுக்க உத்தரவு போட்டான். அதன் விளைவுதான் 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே புத்தகம். கடைசித் தீர்ப்பு நாள் என்று பொருள்படும் பெயர் அது, ஏனென்றால் அதில் எழுதினதுதான் முடிவு, மேல்முறையீடு கிடையாது.

கணக்கெடுப்பு எப்படி நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். ஈலி என்ற ஊரின் மடத்தில் பாதுகாக்கப்பட்ட குறிப்பு ஒன்றில் விவரம் இருக்கிறது. ஊருக்கு ஊர் பாதிரியார், மணியக்காரர், குடியானவர்கள் ஆறு பேர் என்று கூப்பிட்டு, சத்தியம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள். முதல் கேள்வியே 'இந்த நிலத்துக்குப் பெயர் என்ன' என்பதுதான். பதில் சொல்கிறவர் பேசுவது ஆங்கிலம். விசாரிக்க வந்தவர்களில் பெரிய மனிதர்கள் பேசுவது பிரெஞ்சு. ஏட்டில் ஏறுவது லத்தீன். மூன்று மொழிக்கு நடுவில் ஒரு பெயர் மாட்டிக்கொண்டால் அதன் கதி என்ன ஆகும்?

சில பெயர்கள் அதிகம் அடிபடாமல் தப்பின. சில தப்பவில்லை. பழைய ஆங்கிலத்தில் நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் ஓர் ஒலி உண்டு, அதை எழுதத் தனி எழுத்தே வைத்திருந்தார்கள். நார்மன் எழுத்தர்களுக்கு அந்த ஒலி பழக்கமில்லை, டி என்றோ டி-யும் எச்-சும் சேர்த்தோ ஏதோ ஒன்றைப் போட்டுச் சமாளித்தார்கள். பெயரின் முதலில் வரும் வ்-ஒலி சில சமயம் காணாமல் போனது. டெவன் கவுண்டியில் உல்ஃப்ஹேர்ட் என்பவரின் வேலி போட்ட பண்ணை ஒன்று இருந்தது, அது டூம்ஸ்டேயில் 'ஓல்ஃபெரெயோர்டி' என்று இருக்கிறது. தலையில் வ் இல்லை, நடுவில் இருந்த பல்லொலியும் ட் ஆகிவிட்டது. இந்த ஊரைப் பிறகும் பார்க்கப்போகிறோம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கம், ல், ர், ன் மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றிப்போடுவது. சாலிஸ்பரி என்ற ஊருக்கு டூம்ஸ்டேயில் 'சாரிஸ்பெரியெ' என்று பெயர். அந்த ர் பிற்பாடு ல் ஆனது. டர்ஹம் முதலில் 'டுன்ஹோல்ம்', அதாவது குன்றுத் தீவு. நார்மன் வாயில் அதன் ன் போய் ர் வந்தது. நாட்டிங்ஹாம் கதை இன்னும் சுவாரசியம். ஸ்னாட் என்பவரின் கூட்டத்தார் வாழ்ந்த இடம் என்பதால் 'ஸ்னாட்டிங்காஹாம்' என்று இருந்தது, 1086-லும் முன்னால் அந்த ஸ் உண்டு, பிறகுதான் அது உதிர்ந்தது. ஸ்னாட் என்றால் இன்றைய ஆங்கிலத்தில் மூக்குச்சளி. அந்த ஒரு எழுத்து உதிராமல் இருந்திருந்தால் அந்த நகரத்துக்காரர்களின் பாடு திண்டாட்டம்தான்.

சரி, பிடில் ஆற்றுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் 'பிடெலெ' என்றால் சதுப்பு, ஈரநிலம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆற்றோரம் எங்கும் தண்ணீர் ஊறி நிற்கும் புல்வெளி என்பதால் பொருத்தமான பெயர்தான். டூம்ஸ்டேயில் இந்தப் பள்ளத்தாக்கைத் திறந்து பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது: இன்றைய டோல்படில், பிடில்ஹின்டன், பிரையன்ட்ஸ்படில், டர்னர்ஸ் படில், அதல்ஹாம்ப்டன் என்று வெவ்வேறு ஊர்கள் எல்லாமே அதில் வெறும் 'பிடெலெ'. ஆற்றின் பெயரே ஊரின் பெயர். ஒவ்வொரு பண்ணையும் தன்னளவில் 'பிடெலெ'தான், பக்கத்துப் பண்ணையும் 'பிடெலெ'தான்.

அப்படியானால் எந்தப் 'பிடெலெ' எந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நிலத்தை யார் வைத்திருந்தார் என்பதை வைத்து. ஒரு 'பிடெலெ' அப்பட்ஸ்பரி மடத்துக்குச் சொந்தம் என்று 1086-இல் இருக்கிறது. அதே மடத்துக்குச் சொந்தமான ஊர் பிற்கால ஆவணங்களில் டோல்படில் என்று வருகிறது, ஆக இரண்டும் ஒன்று. நம் ஊர்ப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் மூலப்பத்திரம் தேடுகிற வேலைதான் இது, பெயரை விட்டுவிட்டுச் சொத்தைப் பின்தொடர்ந்து போவது.

ஆனால் ஒரே பெயரில் இத்தனை ஊர் இருந்தால் நிர்வாகம் நடக்காது. வரி யாருக்கு விதித்தோம், வழக்கு எந்த ஊரில் என்று குழப்பம். அதனால் 1200-களில் இருந்து ஒவ்வொரு 'பிடெலெ'வுக்கும் ஒரு அடைமொழி ஏட்டில் ஏறத் தொடங்குகிறது. ஆங்கிலேய ஊர்ப்பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெயரின் ஒரு பாதி நிலத்தைப் பற்றிச் சொல்லும், மறு பாதி மனிதர்களைப் பற்றிச் சொல்லும். வாருங்கள், ஆற்றின் மேலிருந்து ஒவ்வொரு ஊராக இறங்கி வரலாம்.

ஆறு தொடங்கும் இடத்தில் இருப்பது ஆல்டன் பேங்க்ராஸ். இதில் பிடில் இல்லை. 1012-ஆம் ஆண்டு ஆவணத்தில் 'அவுல்டூனெ' என்று இருக்கிறது. ஊற்றுக்கண்ணைக் குறிக்கும் பழைய சொல்லும், பண்ணை என்று பொருள்தரும் 'டூன்' என்ற சொல்லும் சேர்ந்தது. ஆறு பிறக்கும் இடத்துப் பண்ணை. இந்த 'டூன்'தான் இன்று ஆயிரக்கணக்கான ஆங்கிலேய ஊர்ப்பெயர்களின் கடைசியில் 'டன்' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேங்க்ராஸ் அந்த ஊர்த் தேவாலயத்துப் புனிதரின் பெயர், மற்ற ஆல்டன்களிலிருந்து பிரித்துக் காட்டப் பிறகு சேர்த்தது. ஏன் பிரிக்கவேண்டும் என்றால், இங்கிலாந்தில் ஆல்டன் என்று நிறைய ஊர் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே பொருளும் கிடையாது. பெரிய கேளிக்கைப் பூங்கா இருக்கிறதே ஸ்டாஃபர்ட்ஷயரில், ஆல்டன் டவர்ஸ், அந்த ஆல்டன் 1086-இல் 'எல்வெடோன்', ஆல்ஃபா என்ற ஆளின் பண்ணை. லெஸ்டர்ஷயரில் இருக்கும் ஆல்டன் 'பழைய பண்ணை'. எழுத்து ஒன்று, ஆனால் மூன்று வேறு பெயர்கள் தேய்ந்து தேய்ந்து ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன. பழைய வடிவத்தைப் பார்க்காமல் பொருள் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

அடுத்து பிடில்ட்ரென்ட்ஹைட். பார்க்க என்னவோ மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் பிரித்தால் சுலபம். ஹைட் என்பது பழைய ஆங்கில நில அளவு, ஒரு குடும்பம் பிழைக்கத் தேவையான நிலம் என்று கணக்கு, ஏறக்குறைய 120 ஏக்கர் என்பார்கள், ஆனால் இடத்துக்கு இடம் மாறும், நடைமுறையில் அது வரி விதிக்கிற அலகு. ட்ரென்ட் என்றால் பிரெஞ்சில் முப்பது. ஆக, பிடில் ஆற்றங்கரையில் முப்பது ஹைட் வரி கட்டுகிற ஊர். 1212-இல் 'பிடெலெ ட்ரென்டெஹைட்ஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். எண் மட்டும் பிரெஞ்சு, மற்றதெல்லாம் ஆங்கிலம்! நார்மன் கணக்குப்பிள்ளைகள் எண்ணினார்கள், ஊர்க்காரர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. எண்ணூறு ஆண்டாக ஒரு வரிக்கணக்கு ஊர்ப்பெயராக நிற்கிறது.

பிடில்ஹின்டனில் வரும் ஹின்டன் என்பது துறவிகளின் குழுவுக்குச் சொந்தமான பண்ணையைக் குறிக்கும். மடத்து நிலம் என்று சொல்லலாம். 1244-இல் 'பிடெல் ஹினெடன்'.

அதற்குக் கீழே வாட்டர்ஸ்டன் என்று ஓர் இடம். ஆற்றங்கரையில் இருக்கிறது, பெயரிலேயே வாட்டர் இருக்கிறது, தண்ணீரும் கல்லும் என்று யார் வேண்டுமானாலும் பொருள் சொல்லிவிடுவார்கள். 1268-இல் அதை 'வால்டெரெஸ்டன்' என்று எழுதியிருக்கிறார்கள். வால்டர் என்ற ஆளின் பண்ணை. வால்டர் என்ற பெயரை அந்தக் காலத்து ஆங்கிலேயர் ல்-ஐ விழுங்கி வாட்டர் என்றே சொல்லிவந்தார்கள், அந்த ஒலிதான் கடைசியில் எழுத்தில் நின்றது. 1086-இல் இந்த இடத்துக்கு 'பிடெரெ' என்று போட்டிருக்கிறார்கள். பல இடங்களில் ல் எழுதின புத்தகத்தில் இங்கே ர். சாலிஸ்பரியில் பார்த்த அதே கோளாறு.

படில்டவுனிலும் இதே ர் வந்திருக்கிறது. டூம்ஸ்டேயில் 'பிட்ரெடோன்' என்றும், 1212-இல் ல் திரும்பி வந்து 'பிடெலெடன்' என்றும் இருக்கிறது. பிடில் கரைப் பண்ணை, அவ்வளவுதான் பொருள். கடைசியில் இருக்கும் டவுனைப் பார்த்து நகரம் என்று நினைத்துவிடக் கூடாது. 'டூன்' முதலில் வேலி, பிறகு வேலிக்குள் இருக்கும் பண்ணை, பிறகு ஊர், அப்புறம்தான் நகரம் என்று வளர்ந்த சொல்.

அதல்ஹாம்ப்டன் இன்னொரு பொறி. இங்கிலாந்தில் ஹாம்ப்டன் என்று முடிகிற ஊர்கள் ஏராளம், சவுத்தாம்ப்டன், நார்த்தாம்ப்டன் என்று. இதையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடத் தோன்றும். ஆனால் 1285-இல் இது 'பிடெலெ அதெலாம்ஸ்டன்', அதாவது ஏதெல்ஹெல்ம் என்ற ஆளின் பண்ணை. ஆளின் பெயர் தேய்ந்து யாருக்கும் புரியாமல் போனபோது, காதுக்குப் பழக்கமான ஹாம்ப்டன் என்ற வடிவத்துக்குள் அதை நுழைத்துவிட்டார்கள். எழுதத் தெரிந்தவர்கள் 'திருத்துகிறேன்' என்று கிளம்பினால் பேச்சு வழக்கைவிட அதிகச் சேதம் நடக்கும் என்பது என் அபிப்பிராயம், இந்தத் துறையில் அதற்கு உதாரணம் கேட்டால் அள்ளித் தரலாம். இந்த ஊர் தன் பிடிலையும் வழியிலேயே விட்டுவிட்டது.

இப்போது டோல்படில். இந்தப் பள்ளத்தாக்கிலேயே உலகத்துக்குத் தெரிந்த பெயர் இதுதான். 1833-இல் இந்த ஊரைச் சேர்ந்த விவசாயக் கூலிகள் ஆறு பேர், ஜார்ஜ் லவ்லெஸ் என்பவரின் தலைமையில், கூலிக் குறைப்பை எதிர்த்துச் சங்கம் அமைத்தார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றம் இல்லை என்பதால், ரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று 1797-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தோண்டியெடுத்து, ஏழு ஆண்டு தண்டனை கொடுத்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பி, 1836-இல் மன்னிப்பு வழங்க வேண்டியதாயிற்று. தொழிற்சங்க வரலாற்றில் டோல்படில் தியாகிகள் என்றால் இவர்கள்தான்.

அந்த 'டோல்' யார் தெரியுமா? டோலா என்ற ஒரு பெண். 1066-க்கு முந்தைய கதை. டென்மார்க்கிலிருந்து வந்து இங்கிலாந்தை ஆண்ட கனூட் மன்னனின் படைவீரர்களில் உர்க் என்று ஒருவர், டோர்செட்டில் நிலம் பெற்றுத் தங்கிவிட்டார். அவருடைய மனைவி டோலா, பெயரே டென்மார்க், நார்வே பக்கத்துப் பெயர். கணவர் இறந்த பிறகு டோலா தன் நிலங்களை அப்பட்ஸ்பரி மடத்துக்குக் கொடுத்தார், அதில் இந்தப் 'பிடெலெ'வும் ஒன்று. 1086-இல் எழுத்தர் வெறும் 'பிடெலெ' என்று எழுதிவிட்டுப் போனார். ஆனால் 1210-இல் பார்த்தால் 'டொல்லெபிடெலெ' என்று ஏட்டில் வருகிறது. ஏடு எதுவும் துணைக்கு இல்லாமல் ஒரு விதவையின் பெயரை ஊர் வாய் நூறு ஆண்டுக்கும் மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நிலத்தை வாங்கிக்கொண்ட மடத்தின் பெயர் ஒட்டவில்லை, கொடுத்தவரின் பெயர் ஒட்டியது.

ஒரு சின்ன விலகல். கிழக்கிலும் வடக்கிலும் வைக்கிங்குகள் கூட்டமாகக் குடியேறிய இடங்களில் கிரிம்ஸ்பி, விட்பி, டார்பி என்று 'பி' முடிவுள்ள ஊர்கள் குவிந்து கிடக்கின்றன. அது அவர்கள் மொழியில் ஊர். டோர்செட்டில் அப்படிக் குடியேற்றம் நடக்கவில்லை, கனூட்டின் ஆட்கள் அங்கொருவர் இங்கொருவராக நிலம் பெற்றார்கள். அதனால் ஊர்ச்சொல் மாறவில்லை, ஆளின் பெயர் மட்டும் வந்து ஒட்டியது. வரைபடத்தில் பெயர் முடிவுகளைப் புள்ளி வைத்துக் குறித்தாலே யார் எங்கே குடியேறினார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

மிச்சம் இருப்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஃப்படில், ஆஃபா என்பவரின் பிடில். அடைமொழி 1086-லேயே இருக்கிறது, 'அஃபாபிடெலெ' என்று. பிரையன்ட்ஸ்படில் 1300-களில் அதை வைத்திருந்த பிரையன் டி டர்பர்வில் என்ற பிரபுவின் பெயரால் வந்தது. 1465-இல் 'பிரையனிஸ் பெடில்', நடுவில் இருக்கிற ட் பின்னால் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. டர்னர்ஸ் படில், டோனர் என்ற குடும்பத்தின் ஊர். 1086-லேயே அந்தக் குடும்பம் அங்கே இருந்தது, 1268-இல் 'டுனெரெபிடெல்'. டோனர் என்ற பெயர் வழக்கொழிந்ததும், எல்லோருக்கும் தெரிந்த டர்னர் என்ற பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. டர்னர் என்றால் மரம் கடைகிறவர். அதைப் பார்த்து, இங்கே மரம் கடைகிறவர்கள் வாழ்ந்தார்கள் என்று ஒரு கதை கட்டினால் யார் மறுக்கப்போகிறார்கள்?

இப்படிக் கட்டின கதைகளில் பெரியது ஐ-யு கதைதான். விக்டோரியா ராணி இந்த வழியாக வருவதாக இருந்ததாம், அவர் காதில் 'பிடில்' விழக்கூடாது என்று ஊர்க்காரர்கள் அவசர அவசரமாகப் 'படில்' ஆக்கினார்களாம். சொல்வதற்கும் கேட்பதற்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தியாகிகள் வழக்கு நடந்தது 1834, ஊர் அப்போதே டோல்படில்தான், லவ்லெஸ் விடுதலையாகி வந்து எழுதின சிறுநூலிலும் யு போட்டுத்தான் எழுதியிருக்கிறார். விக்டோரியா அரியணை ஏறியது 1837. அது போகட்டும், படில்டவுனுக்குப் பிடில்டவுன் என்ற வடிவம் 1950-கள் வரை அரசு வழக்கில் இருந்தது. ராணி இறந்ததோ 1901-இல். யாருக்காக மாற்றினார்கள் என்று கதை சொல்கிறதோ அவர் போய் அரை நூற்றாண்டு ஆன பிறகும் பெயர் மாறவில்லை!

உண்மையில் இரண்டு உச்சரிப்பும் இரண்டு எழுத்தும் நெடுநாள் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. 'பிடெலெ'வின் பழைய பொருள் மறந்துபோனதும், காதுக்குத் தெரிந்த படில் என்ற தண்ணீர்ச்சொல் பக்கம் சாய்வது எளிது. பிற்காலத்தில் கூச்சமும் கொஞ்சம் தள்ளிவிட்டிருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆற்றைப் பற்றி மட்டும் யாரும் கூச்சப்படவில்லை. அது இன்றைக்கும் பிடில்தான், வேரம் ஊரைத் தாண்டிப் பூல் துறைமுகத்தில் போய் விழுகிற வரைக்கும்.

அப்படியானால் எழுத்து எப்போது நிலைத்தது? ஒரே நாளில் இல்லை. 1476-இல் காக்ஸ்டன் என்பவர் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார், 1570-களில் சாக்ஸ்டன் என்பவர் கவுண்டி கவுண்டியாக வரைபடம் போட்டார். அச்சில் ஏறின வடிவத்தைப் பார்த்து மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள். ஆனால் கடைசிப் பூட்டுப் போட்டது ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைத் துறை, 1791-இல் தொடங்கியது, நெப்போலியன் படையெடுத்து வருவானோ என்ற பயம் அதன் வேலையை வேகப்படுத்தியது. அளக்கப் போனவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் குறிப்பேடு வைத்து, எப்படியெல்லாம் எழுதுகிறார்கள், எந்த எழுத்துக்கு யார் சாட்சி என்று எழுதிக்கொள்வார்கள். சாட்சி என்றால் யார்? நிலக்கிழார், பாதிரியார், பள்ளி ஆசிரியர். மாடு மேய்க்கிறவரைக் கேட்டதாகப் பெரும்பாலும் இருக்காது. இங்கிலாந்தின் பல பகுதிகளுக்கான அந்தக் குறிப்பேடுகள் 1940-இல் சவுத்தாம்ப்டன் மேல் விழுந்த ஜெர்மன் குண்டுகளில் எரிந்துபோயின என்பது இந்தத் துறைக்குப் பெரிய நஷ்டம்.

எழுத்து நின்றது, நாக்கு நிற்கவில்லை. டெவனில் பார்த்த உல்ஃப்ஹேர்டின் பண்ணை நினைவிருக்கிறதா? அதன் பெயர் இன்று ஏட்டில் உல்ஃபார்டிஸ்வொர்தி, எழுதி முடிப்பதற்குள் கை வலிக்கும். ஊர்க்காரர்கள் சொல்வது உல்சரி. வழிப்பலகைகளில் இரண்டு வடிவமும் உண்டு. நார்ஃபோக்கில் ஹாப்பிஸ்பர்க் என்று எழுதியிருப்பதை ஹேஸ்பரோ என்கிறார்கள். செஷயரில் எழுத்துப்படி படித்தால் சோல்மொன்டெலி என்று வரும் ஊரைச் சம்லி என்கிறார்கள், வெளியூர்க்காரர் யார் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. மறுபக்கம், பேச்சு வடிவமே எழுத்தை ஜெயித்த இடங்களும் உண்டு. 1086-இல் 'பிரிஸ்டெல்மெஸ்டூனெ', பிறகு பிரைட்டெல்ம்ஸ்டன் என்றெல்லாம் இருந்த மீனவ ஊர், பிரைட்டன் என்று சுருங்கி, 1810-இல் அதுவே அதிகாரபூர்வப் பெயரானது. பியோர்ட்ஹெல்ம் என்ற ஆளின் பண்ணை அது, இப்போது அவரில் பாதிதான் மிச்சம்.

எழுத்து திரும்பி வந்து நாக்கை மாற்றுவதும் நடக்கிறது. சைரன்செஸ்டர் என்ற ஊரைப் பழைய தலைமுறை சிசிட்டர் என்றது, டாவென்ட்ரியை டெயின்ட்ரி என்றது. பள்ளிக்கூடமும் ரயிலும் வந்தபின் எழுதியிருப்பதைப் பார்த்து வாசிக்கிறவர்கள் அதிகமாகி, பழைய உச்சரிப்பு ஒதுங்கிவிட்டது. இதைவிட விசித்திரம் கேம்பிரிட்ஜ். கிரான்டா ஆற்றின் மேல் பாலம் என்பதால் கிரான்டபிரிஜ் என்று தொடங்கிய பெயர், நார்மன் வாயில் கான்டெபிரிஜ் ஆகி, கேம்பிரிட்ஜ் என்று முடிந்தது. அதைப் பார்த்த பிற்காலத்தவர் 'கேம்' மேல் 'பிரிட்ஜ்', அப்படியானால் ஆற்றின் பெயர் கேம் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆற்றிலிருந்து ஊருக்குப் பெயர் போய், ஊரிலிருந்து ஆற்றுக்குப் புதுப் பெயர் வந்தது. மேல்பக்கத்துக் கிளையை இன்றும் கிரான்டா என்றுதான் சொல்கிறார்கள்.

உங்களுக்கு ஆர்வம் இருந்தால் இதை வீட்டிலிருந்தே செய்யலாம். ஆங்கிலேய ஊர்ப்பெயர்ச் சங்கம் என்று ஒன்று 1923-இல் தொடங்கி, கவுண்டி கவுண்டியாகத் தொகுதிகள் போட்டுக்கொண்டே இருக்கிறது, இன்னும் முடியவில்லை. அது இப்போது இருப்பது நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், ஸ் தொலைத்த அதே ஊர். ஊர்ப்பெயரைக் கொடுத்தால் அதன் பகுதிகளுக்குப் பொருள் காட்டும் இணையதளம் ஒன்றையும் அந்தப் பல்கலைக்கழகம் இலவசமாக வைத்திருக்கிறது. டூம்ஸ்டே முழுவதும் படமாகவே இணையத்தில் இருக்கிறது. ஊரைத் தேடுங்கள், 1086-இல் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள், அதற்கு முந்தைய நிலப்பத்திரம் ஏதும் உண்டா என்று பாருங்கள், பிறகு ஒவ்வொரு நூற்றாண்டாகக் கீழே இறங்குங்கள். ஒரு எழுத்து மாறினால் உடனே பரபரக்க வேண்டாம், அது எழுதினவரின் பழக்கமாக இருக்கலாம். அதே மாற்றம் வெவ்வேறு ஆட்களின் கையெழுத்தில் திரும்பத் திரும்ப வந்தால்தான் ஊர் வாயே மாறிவிட்டது என்று அர்த்தம்.

பழகுவதற்கு வூஸ்டர்ஷயரில் இருக்கிற வைர் பிடில், நார்த் பிடில் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒரு பிடில் ஓடை உண்டு, அங்கே யாரும் ஐ-யை யு ஆக்கவில்லை. 'வைர்' என்பதைப் பார்த்ததும் கம்பி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.